ஹார்மோன் சிகிச்சை ஆபத்து என்றது ஓர் ஆய்வு, இப்போது அப்படி இல்லை என்கிறார்கள்: 48 வயதில் நான் எதை நம்புவது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். உங்களுக்கு வயது 48. ஓராண்டாக மாதவிடாய் தள்ளிப் போகிறது, கடைசியாக 70 நாள் இடைவெளி விழுந்தது. நடு இரவில் உடம்பு சூடேறி வியர்வையில் நனைந்து எழுந்துவிடுகிறீர்கள், அதற்கப்புறம் தூக்கம் வருவதில்லை. எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன், சினைப்பை ஓயும்போது இது ஏறும்) ஒரு தடவை பார்த்ததில் நார்மல் என்று வந்தது. பல வருடமாகத் தைராய்டு மாத்திரை, சில மாதமாக முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின். பெரியம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டி மார்பகப் புற்றுநோய் வந்தது. இந்தப் பருவத்தில் குறையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மருந்தாக எடுப்பதுதான் ஹார்மோன் சிகிச்சை. அதை எடுத்தால் புற்றுநோய் வரும் என்று பெரிய ஆய்வு ஒன்று சொன்னதாக ஒருவர் சொல்கிறார், அந்த ஆய்வே தப்பு என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆய்வில் வரும் ஆபத்து என்னுடைய ஆபத்துதானா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர். மருந்துப் பரிசோதனைகளில் ஆய்வு மருத்துவராகவும் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் எடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த ஆய்வுகள் யாரை வைத்து எதைக் கேட்டன என்பதைச் சொல்ல முடியும். அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் உங்களுக்கு நடப்பது மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மாற்றம்தானா? பெரும்பாலும் ஆம். இந்தப் பருவத்தைக் கட்டங்களாகப் பிரிக்க 2011-இல் நிபுணர்கள் கூடி முடிவு செய்த அளவுகோல் ஒன்று உண்டு. 60 நாளோ அதற்கு மேலோ மாதவிடாய் வராமல் இருப்பது அதன்படி மாற்றத்தின் பிற்பகுதி. பொதுவாக ஒன்று முதல் மூன்று வருடம் நீடிக்கும் கட்டம் இது. எஃப்.எஸ்.எச். நார்மல் என்றதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்த வயதில் அது ஒரு மாதம் உச்சத்தில் இருக்கும், அடுத்த மாதமே இறங்கிக் கிடக்கும். சினைப்பை ஒரேயடியாக ஓய்வதில்லை, விட்டு விட்டு வேலை செய்யும். ஒரு நாள் எடுத்த ரத்தம் அந்த ஒரு நாளைத்தான் சொல்லும். அதனால்தான் 45 வயதுக்கு மேல் இப்படிப்பட்ட அறிகுறிகளோடு வருபவருக்கு எஃப்.எஸ்.எச். பார்த்து முடிவு கட்ட வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் 2015-லேயே சொல்லிவிட்டது. நாற்பதுக்குக் கீழ் மாதவிடாய் நின்றுபோனால் கதை வேறு. அங்கே ரத்தப் பரிசோதனை கட்டாயம், ஹார்மோன் கொடுப்பதற்கான காரணங்களும் வேறு. கீழே நான் சொல்லப் போகும் ஆபத்துக் கணக்கு எதையும் அந்த வயதுப் பெண்கள் தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது.

உங்கள் விஷயத்தில் என் கண் போனது தைராய்டு மாத்திரையின் மேலும் பயோட்டின் மேலும்தான். தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும், மாதவிடாயும் தடுமாறும். எனவே தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.-இன் சமீபத்திய அளவு வேண்டும். ஆனால் பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தால் தப்பாக வரலாம். பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனைப் பிடித்து அளக்க பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. இவ்வளவும் ரத்தத்தில் மிதந்தால் டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான டி4 இருப்பதைவிட அதிகமாகவும் கருவி காட்டும். தாளைப் பார்த்தால் தைராய்டு மிகைச் சுரப்பு போலவே இருக்கும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்ததாகிவிடும். குறைந்தது இரண்டு நாள் பயோட்டினை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டால் பலர் பயோட்டினைச் சொல்வதே இல்லை. அது அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை.

சரி, இனி ஆய்வுக்கு வருவோம். தொண்ணூறுகள் வரை ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதுதான் மருத்துவ உலகின் பொதுவான நம்பிக்கை. அதற்கு ஆதாரமாக இருந்தவை 1976-இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வு போன்றவை. இவை மருந்து கொடுத்துப் பார்த்தவை அல்ல, யார் எடுக்கிறார்கள், யார் எடுக்கவில்லை என்று கவனித்து எழுதியவை. ஹார்மோன் எடுத்தவர்கள் பொதுவாகவே வசதியும் படிப்பும் கொஞ்சம் கூடியவர்கள், மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள். அவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது மருந்தாலா, அவர்கள் வாழ்க்கையாலா என்று பிரிப்பது கடினம். அதைப் பிரிக்க ஒரே வழி, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 2,763 பெண்களை வைத்து அப்படிச் செய்த ஹெர்ஸ் ஆய்வு 1998-இல் வெளிவந்தது. மொத்தத்தில் பலன் ஒன்றும் இல்லை, முதல் வருடத்தில் இதயத் தாக்குதல்கள் கூடவே செய்தன.

அதற்கடுத்ததுதான் உங்களிடம் சொல்லப்பட்ட அந்தப் பெரிய ஆய்வு. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று பெயர், சுருக்கமாக டபிள்யூ.எச்.ஐ. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் நடத்தியது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களுக்குக் குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன் அசிடேட் என்ற செயற்கைப் புரோஜெஸ்ட்டினும் (புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போன்ற மருந்து) சேர்ந்த மாத்திரை, அல்லது போலி மாத்திரை. எட்டரை வருடம் நடக்க வேண்டியதை, சராசரியாக 5.2 வருடத்தில், 2002 ஜூலையில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று செய்தி உலகம் முழுக்கப் போனது. எத்தனையோ பெண்கள் மறுநாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள்.

அந்த 26 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். போலி மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்து எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு. கூடுதல் எட்டு. அதே கணக்கில் பக்கவாதம் எட்டு அதிகம், நுரையீரலில் ரத்தக்கட்டி எட்டு அதிகம், இதயத் தாக்குதல் ஏழு அதிகம். மறுபக்கம் பெருங்குடல் புற்றுநோய் ஆறு குறைவு, இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைவு. எட்டு என்பது ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டில் ஒருவராக இருப்பவருக்கு அது முழு வாழ்க்கை. ஆனால் 26 சதவீதம் என்றதும், நூறு பேர் எடுத்தால் 26 பேருக்குப் புற்றுநோய் என்று புரிந்துகொண்டவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். படித்தவர்களும் அதில் உண்டு.

இதைவிட முக்கியம், அந்த 16,608 பேர் யார் என்பது. வயது வரம்பு 50 முதல் 79. சராசரி 63. மூன்றில் இரண்டு பங்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள், மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்கள். இரவு வியர்வை தாங்காமல் மருத்துவரிடம் வந்தவர்கள் அதில் மிகச் சிலர். காரணமும் எளிது. தினமும் பத்துத் தடவை சூடேறி எரிகிறவரிடம் போலி மாத்திரையைக் கொடுத்து ஐந்து வருடம் பொறுங்கள் என்றால் யார் பொறுப்பார்? அந்த ஆய்வு கேட்ட கேள்வியே வேறு. வயதான பெண்களுக்கு இதய நோய் வராமல் தடுக்க ஹார்மோனைக் கொடுக்கலாமா என்று கேட்டது, கொடுக்கக் கூடாது என்று பதில் கண்டது. அந்தப் பதில் அன்றும் சரி, இன்றும் சரி. 65 வயதைத் தாண்டியவர்களில் அதே மருந்து மறதி நோயைக் கூட்டியதும் அந்த ஆய்வின் துணை ஆய்வில் 2003-இல் தெரிந்தது. ஆய்வே தப்பு என்று பேசுகிறவர்கள் இதையெல்லாம் சேர்த்தே தூக்கி எறிகிறார்கள். எனக்கு அது ஒப்புவதில்லை. ஆய்வில் தப்பில்லை, அறுபத்து மூன்று வயதுக்காரரின் பதிலை நாற்பத்தெட்டு வயதுக்காரரின் கையில் கொடுத்ததுதான் தப்பு.

அதே ஆய்வின் இன்னொரு பாதியைப் பற்றி வெளியே பேச்சே இல்லை. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தார்கள். பக்கவாதம் கூடியதால் அதையும் 2004-இல் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் அங்கே கூடவில்லை, குறைந்தது. இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட முடிவிலும் அதே நிலைதான்: ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் நோயும் குறைவு, அதனால் இறந்தவர்களும் குறைவு. இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் நோய் அதிகம், இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. அப்படியானால் எல்லாரும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கர்ப்பப்பை உள்ளவருக்கு அது முடியாது. தனி ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைத்துப் புற்றுநோயில் கொண்டு விடும் என்பது 1975 முதலே தெரிந்த விஷயம். அந்தச் சவ்வைக் காக்கத்தான் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து சேர்க்கப்படுகிறது.

சரி, மார்பகத்துக்கு எது எவ்வளவு? இதில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது 2019-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு. உலகெங்கும் நடந்த 58 ஆய்வுகளையும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளின் விவரங்களையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் எடுத்தால் அடுத்த இருபது வருடத்தில் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஹார்மோனே எடுக்காத நூறு பேரில் சுமார் ஆறு பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். இரண்டு ஹார்மோனையும் தினமும் சேர்த்து எடுத்தால் சுமார் எட்டு பேருக்கு. புரோஜெஸ்ட்டினை மாதத்தில் சில நாள் மட்டும் எடுத்தால் எட்டுக்குச் சற்றுக் கீழே. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் ஏழுக்குக் கொஞ்சம் கீழே. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் லேசாகக் கூடியது என்கிறது இது, குறைந்தது என்கிறது டபிள்யூ.எச்.ஐ. தொகுப்பில் இருந்தவை பெரும்பாலும் கவனித்து எழுதிய ஆய்வுகள், மற்றது குலுக்கல் முறையில் நடந்தது. வயதும் உடல் எடையும் இதில் பங்கு வகிக்கலாம். இது இன்னும் தீராத சர்ச்சை. தீர்ந்துவிட்டதாகச் சொல்கிறவர் எந்தப் பக்கம் நின்றாலும் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். இரண்டு ஹார்மோனையும் சேர்த்துப் பல வருடம் எடுத்தால் ஆபத்து கூடும், வருடம் ஏற ஏறக் கூடும் என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

இதயத்துக்கு வந்தால், ஆரம்பத்திலேயே தொடங்கினால் ரத்தக் குழாய்க்கு நல்லது, தாமதித்தால் கெடுதல் என்று ஒரு கருத்து உண்டு. அதைச் சோதித்த எலைட் ஆய்வு 2016-இல் வந்தது. மாதவிடாய் நின்று ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு ஈஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தபோது கழுத்து ரத்தக் குழாயின் சுவர் தடிப்பது மெதுவானது. பத்து வருடம் கடந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று வருடத்துக்குள் இருந்த 727 பேரை நான்கு வருடம் பார்த்த கீப்ஸ் ஆய்வில் அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டிலும் அளந்தது குழாய்ச் சுவரைத்தான், மாரடைப்பை அல்ல. ஆகவே ஆரம்பத்தில் தொடங்குவது ஓரளவு பாதுகாப்பானது என்று சொல்லலாம். இதயத்தைக் காக்கவே எடுங்கள் என்று சொல்ல இந்த ஆதாரம் போதாது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளின் விவரத் தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்த கடும் எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கும் முடிவை அறிவித்ததும், எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஹார்மோன் என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. பிறப்புறுப்பில் மட்டும் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனுக்கு அந்த எச்சரிக்கை தொடக்கத்திலிருந்தே பொருந்தாது என்பது என் கருத்து. அது ரத்தத்தில் சேர்வதே சொற்பம். அதை நீக்கியது நியாயம். மற்றபடி 2002-இல் பயம் அளவு மீறியது, இப்போது துணிச்சல் அளவு மீறுகிறது.

உறுதியாகச் சொல்லக் கூடியது இதுதான்: திடீர்ச் சூட்டுக்கும் இரவு வியர்வைக்கும் ஈஸ்ட்ரோஜனை மிஞ்சிய மருந்து இன்றுவரை இல்லை. பரிசோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது சூடேறும் தடவைகள் நான்கில் மூன்று பங்கு குறைந்தன. எலும்பு தேய்வதையும் அது தடுக்கும். இங்கே போலி மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனைகளில் பெண்கள் நாட்குறிப்பு வைப்பார்கள், ஒவ்வொரு தடவை சூடேறும்போதும் மணியும் கடுமையும் எழுத வேண்டும். முதல் வாரப் பக்கத்தைப் பார்த்தால் இரவு 1:10, 2:40, 4:05 என்று வரிசையாக இருக்கும், கையெழுத்து கோணிப் போயிருக்கும். எட்டாவது வாரத்தில் அதே பெண்ணின் பக்கத்தில் இரவுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மருந்து வேலை செய்கிறது என்று அவரும் நினைப்பார், நாங்களும் நினைப்போம். பரிசோதனை முடிந்து யாருக்கு என்ன கொடுத்தோம் என்று திறந்து பார்த்தால் அவர் எடுத்தது வெறும் மாவு. அந்தக் காக்ரேன் தொகுப்பிலேயே போலி மாத்திரைக் குழுவில் சூடேறுவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அதனால்தான் ஏதோ ஒரு மூலிகைக் காப்ஸ்யூல் எடுத்தேன், ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது என்று யாராவது எழுதினால், அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புவேன், காப்ஸ்யூல்தான் காரணம் என்று நம்ப மாட்டேன். சோயா சத்து, பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை இரண்டையும் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2023 அறிக்கை பரிந்துரைக்கவில்லை. எச்சிலில் ஹார்மோன் அளந்து உங்களுக்கென்றே கலந்து தருகிறோம் என்று விற்பதிலும் மயங்க வேண்டாம். அப்படிக் கலந்ததில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை.

ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. சில மன அழுத்த மருந்துகள் குறைந்த அளவில் உதவும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை சூட்டைக் குறைக்காவிட்டாலும் அது படுத்தும் பாட்டைக் குறைக்கும், தூக்கத்துக்கு நன்றாகவே உதவும். புதியது ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரை. இதன் கதை எனக்குப் பிடிக்கும். 1990 வாக்கில் நவோமி ரான்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிடாய் நின்றபின் இறந்த பெண்களின் மூளையில், ஹைப்போதாலமஸ் பகுதியில் சில நரம்பணுக்கள் பெருத்திருப்பதைக் கண்டார். ஈஸ்ட்ரோஜனின் கடிவாளம் போனதும் அந்த அணுக்கள் பக்கத்தில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைச் சீண்டுகின்றன என்பது பின்னால் மெல்ல மெல்லத் தெளிந்தது. அந்தச் சீண்டலை மட்டும் தடுக்கும் மாத்திரைக்கு 2023-இல் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கிறது என்று தெரிந்ததால் 2024 டிசம்பரில் கடும் எச்சரிக்கையும் சேர்த்தது. கல்லீரல் பரிசோதனை செய்யாமல் இதைத் தொடங்கக் கூடாது, தொடங்கிய பின்னும் சில மாதங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு வருகிறேன். நெருங்கிய உறவில் ஒருவருக்கு, அதுவும் எழுபதைத் தாண்டி வந்த மார்பகப் புற்றுநோய் உங்கள் ஆபத்தைப் பெரிதாகக் கூட்டாது. அதற்காக மட்டும் ஹார்மோனை மறுக்க மாட்டேன். குடும்பத்தில் இன்னும் சிலருக்கு, இளம் வயதில், அல்லது சினைப்பையில் புற்றுநோய் வந்திருந்தால் மரபணு ஆலோசனை முதலில். உங்களுக்கே மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் வந்திருந்தால், அல்லது காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் பேச்சே வேறு. இவை எதுவும் இல்லாமல், தூக்கம் இந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்றால், உங்கள் வயதில் பலன் பக்கம்தான் தராசு சாய்கிறது. எத்தனை வருடம் என்பதை வருடாவருடம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். ஸ்வான் என்ற நெடுநாள் ஆய்வில் இந்தச் சூடு பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேல் நீடித்தது, எனவே ஆறு மாதத்தில் தானாகப் போய்விடும் என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்னொன்று, இந்த ஹார்மோன் சிகிச்சை கருத்தடை அல்ல. 70 நாள் இடைவெளிக்குப் பிறகும் கருமுட்டை வெளிவரலாம்.

மாத்திரையா தோலில் ஒட்டும் பட்டையா என்று உங்கள் மருத்துவர் கேட்டால், தைராய்டு மாத்திரையை நினைவூட்டுங்கள். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது, தைராய்டு ஹார்மோனைக் கட்டிப் பிடிக்கும் புரதத்தையும் கூட்டுகிறது. அதனால் இதுவரை போதுமாக இருந்த தைராய்டு அளவு போதாமல் போகலாம். பட்டையும் ஜெல்லும் கல்லீரலை முதலில் தொடாமல் நேரே ரத்தத்தில் சேர்வதால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை, பெரிய கவனிப்பு ஆய்வுகளில் ரத்தக்கட்டி ஆபத்தும் அவற்றால் கூடவில்லை. கர்ப்பப்பை இருப்பதால் பட்டையோடு புரோஜெஸ்ட்ரோனும் வேண்டும், அதை விட்டுவிடக் கூடாது. மாத்திரைதான் என்று முடிவானால், தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள், பயோட்டினை நிறுத்திவிட்டு.